முன்சீட்டில் இருந்த கண்

உலகத்திலேயே சுத்தமான ரோட்டில் வண்டி ஓட்டுகிறேன் என்று பீற்றிக்கொள்கிற மனுஷன், வருஷத்துக்கு ஒரு மாசம் லீவில் வந்தால், என் கடைப் படியில்தான் துப்புவார்.

"அங்கெல்லாம் ரோட்டுல துப்பினா அபராதம், தங்கச்சி. ரூல்ஸ்னா ரூல்ஸ்!" என்று சொல்லிக்கொண்டே பக்கவாட்டில் திரும்பி, பாலமணி அப்போதுதான் கழுவிவிட்டுப் போன இடத்தில், வாய் நிறைய இருந்த குட்கா எச்சிலை ஒரே துப்பு. சீ! பாலமணி என் கடையைக் கூட்டித் துடைக்கிறவள். மறுபடி வாளியை எடுத்து வருவாள். இவர் காலைக்கூட நகர்த்த மாட்டார். அவர் காலைச் சுற்றியே அவள் துடைப்பாள்.

என் கடை லோத்குண்டாவில் கண்ணாடிக் கடை. கண் பரிசோதிக்கிறதும் நான்தான். ரோடு தோண்டித் தோண்டிப் போட்டதில் கடைப் படி ஒரு முழ உயரத்துக்கு நிற்கிறது. தெரியாதவர்கள் இறங்கும்போது தடுக்கும். அவர் குடும்பமும் எங்கள் குடும்பமும் வெள்ளைக்காரன் காலத்தில் பட்டாளத்துக்குப் பின்னால் வட ஆற்காட்டிலிருந்து செகந்திராபாத்துக்கு வந்தவை. அவர் பாதி ஆயுளுக்கு மேல் வளைகுடாவில் ஒரு நாட்டில் டிரைவர். எந்த நாடு, அவர் பெயர் என்ன, இரண்டையும் சொல்ல மாட்டேன். அவர் மனைவி, எனக்கு அண்ணி, இன்னும் இதே தெருவில் இருக்கிறார், பாவம்.

அங்கே அவர் எப்படி ஓட்டுவார் என்பதை அவர் வாயாலேயே நூறு தடவை கேட்டாயிற்று. சுற்றிலும் மணல், ஒரு ஈ காக்கை கிடையாது, ஆனாலும் சிவப்பு விழுந்தால் நிற்பாராம். கோட்டைத் தாண்ட மாட்டாராம். ஹாரன் என்ற ஒன்று வண்டியில் இருப்பதே மறந்துபோய்விட்டதாம். "ஏன்னா, கேமரா இருக்கும்மா. பாத்துக்கிட்டே இருக்கும்" என்பார், என்னமோ குலதெய்வத்தைப் பற்றிச் சொல்கிற பக்தியோடு.

இங்கே வந்து இறங்கின மறுநாள் காலையில் பார்க்க வேண்டும் அந்த பக்தரை. யூ டர்ன் கொஞ்சம் தள்ளி இருக்கிறது என்று ராஜீவ் ரஹதாரி நெடுஞ்சாலையில், எதிரே லாரியும் பஸ்ஸும் வர, ராங் சைடில் ஸ்கூட்டர் ஓட்டி வருவார். பின்னால் அண்ணி, கண்ணை இறுக்க மூடிக்கொண்டு. ஹெல்மெட் அவர் முழங்கையில் தொங்கும். சரியான பக்கத்தில் வருகிறவனைப் பார்த்து இவர் கத்துவார்: "கைக்குரே? அந்தா ஹை க்யா?" ஏண்டா, கண் தெரியவில்லையா என்று அவனைக் கேட்பார்! படிக்கிறது ராமாயணம், இடிக்கிறது பெருமாள் கோயில்.

ஒரு தடவை போலீஸ்காரர் நிறுத்திவிட்டார். என் கடைக்கு நேர் எதிரே. இவர் சட்டைப் பையிலிருந்து பிளாஸ்டிக் உறையில் போட்ட வளைகுடா லைசென்ஸை எடுத்து நீட்டினார். முழுக்க அரபி. போலீஸ்காரர் திருப்பித் திருப்பிப் பார்த்தார், வெயிலில் காட்டிப் பார்த்தார். "இன்டர்நேஷனல், சார்" என்றார் இவர், அவருக்குப் புரியாததற்கு அவர்மேலேயே இரக்கப்படுகிற குரலில். அவரும் போங்க போங்க என்று விட்டுவிட்டார். நேரே என் கடைக்குள் வந்து, "பாத்தியா? இங்க யாரும்மா பாக்கறா?" என்று சிரித்தார்.

அதுதான் அந்த மனுஷன். மொத்த மனுஷனும் அந்த ஒரு வாக்கியத்தில் அடக்கம். ரூல் என்றால் அவருக்கு யாரோ பார்க்கிற கண். பார்க்கிற கண் இல்லாத இடத்தில் ரூலும் இல்லை. பக்கத்து வீட்டு மாமரமாகட்டும், கல்யாண வீட்டுப் பந்தியாகட்டும், ரேஷன் க்யூவாகட்டும், எல்லாவற்றிலும் அதேதான்.

இவ்வளவு எரிச்சல் இருந்தால் முகத்துக்கு நேரே சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். என்னால் முடியாது. அதற்குக் காரணம் இருக்கிறது.

என் வீட்டுக்காரருக்கு ஒரு காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டது. பல் தேய்த்துக்கொண்டிருந்தவர் அப்படியே வாஷ்பேசினில் சாய்ந்தார். ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டால், வந்துகொண்டே இருக்கிறது, வந்துகொண்டே இருக்கிறது. அந்த சமயம் லீவில் இருந்த இந்த மனுஷன்தான் லுங்கியோடு ஓடி வந்தார். என் வீட்டுக்காரரைத் தோளில் தூக்கி, யாரோ ஒருவருடைய காரில் போட்டு, ஆபீஸ் நேரத்து டிராஃபிக்கில், ராங் சைடு, ஒன்வே, சிவப்பு, எதையும் பார்க்காமல், ஹாரனில் வைத்த கையை எடுக்காமல் ஓட்டினார். பத்து நிமிஷம் தாமதித்திருந்தால் ஆள் இல்லை என்று டாக்டர் சொன்னார். அன்றைக்கு நான் பின்சீட்டில் உட்கார்ந்துகொண்டு, "அண்ணா, ரூல்ஸ்" என்றா சொன்னேன்? "இன்னும் வேகமாப் போங்கண்ணா, இன்னும் வேகமா" என்று அலறினேன். இன்றைக்கு என் வீட்டுக்காரர் உட்கார்ந்து காபி குடிக்கிறார் என்றால் அந்த எச்சில் துப்புகிற மனுஷன்தான் காரணம். இந்தக் கடன் தொண்டையில் உட்கார்ந்திருக்கும்போது வாயைத் திறப்பது எப்படி?

போன வருஷத்துக்கு முந்தைய வருஷம் லீவில் வந்தபோது, வழக்கம்போல வாசலில் நின்று துப்பாமல் நேரே உள்ளே வந்து, கண் பார்க்கிற நாற்காலியில் உட்கார்ந்தார். குரலைத் தாழ்த்தி, "தங்கச்சி, ஒரு சிக்கல்" என்றார்.

சிக்கல் இதுதான். அந்த நாட்டில் வயசான வெளிநாட்டுக்காரர்களுக்கு லைசென்ஸ் விஷயத்தில் கெடுபிடி. இளவட்டத்துக்குப் பல வருஷத்துக்குச் சேர்த்துக் கொடுப்பதை, இவர் வயசுக்காரர்களுக்கு ஒவ்வொரு வருஷமாகத்தான் நீட்டிப்பார்களாம். ஒவ்வொரு தடவையும் கண் பரிசோதனை. அங்கீகாரம் பெற்ற கண்ணாடிக் கடையில் சார்ட்டில் ஆறு வரியையும் படித்துக் காட்ட வேண்டும். இவருடைய விசாவில் இருக்கிற வேலையே டிரைவர். லைசென்ஸ் போனால் வேலை போச்சு, வேலை போனால் விசா போச்சு, அடுத்த வாரமே பெட்டி கட்ட வேண்டியதுதான். "ஊருக்கு வந்து நான் என்னம்மா பண்ணுவேன்? இங்க என்னை யாரு மதிப்பா?" என்றார். இதுவரை அவரிடம் நான் கேட்காத குரல் அது.

அவர் கண்ணைப் பார்த்தேன். வலது கண்ணில் முதல் இரண்டு வரி, அதுவும் தலையைச் சாய்த்துச் சாய்த்து. இடது கண்ணில் என் விரல்களை எண்ணத்தான் தெரிந்தது. சர்க்கரை விழித்திரையைத் தின்றுவிட்டிருந்தது. அது கண்ணாடி போட்டுத் தீருகிற விஷயம் இல்லை. "அண்ணா, இது பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகணும். கண்ணுக்குள்ள ஊசி போடுவாங்க, லேசர் வெப்பாங்க. இப்பவே போனா இருக்கறதையாவது காப்பாத்தலாம். வண்டி மட்டும் ஓட்டாதீங்க" என்றேன்.

"கண்ணுல ஊசியா? நக்கோம்மா, வேணாம்! அதெல்லாம் ரெக்கார்டுல ஏறிடும்."

பிறகு போனை எடுத்தார். அங்கே தனக்குப் பரிசோதனை செய்யப் போகிற கடைக்கு முன்கூட்டியே போய், கண்ணாடி ஃபிரேம் பார்க்கிற மாதிரி நின்று, சுவரில் இருந்த சார்ட்டைத் திருட்டுத்தனமாகப் படம் எடுத்து வந்திருக்கிறார். அந்தப் படத்தில் இருக்கிற எழுத்து அவருக்கே தெரியவில்லை. நான் பார்த்துச் சொல்ல வேண்டுமாம், அவர் மனப்பாடம் செய்துகொள்வாராம். கண்ணுக்கு வைத்தியம் பாருங்கள் என்று சொல்கிறவளிடமே கண்ணை ஏமாற்ற வழி கேட்டு வந்திருக்கிறார்! கர்மம், கர்மம். "வேற யார்கிட்டம்மா போவேன்? நீதான் என் தங்கச்சி" என்று ஒரு போடு போட்டார். வீட்டில் காபி குடித்துக்கொண்டிருக்கிற ஆள் என் கண்ணுக்கு முன் வந்தார். படித்துச் சொன்னேன். ஆமாம், சொன்னேன். வெட்கம்தான்.

அவர் மனப்பாடம் செய்த விதத்தையும் சொல்ல வேண்டும். டிரைவர் இல்லையா? ஒவ்வொரு எழுத்தையும் ஹைதராபாத் பக்கம் ஒரு ஸ்டாப்பாக வைத்துக்கொண்டார். ஈ என்றால் எர்ரகட்டா. என் என்றால் நாம்பள்ளி. எச் ஹிமாயத் நகர், பி பட்டான்செரு, ஓ ஓல்ட் சிட்டி. இரண்டு கையையும் ஸ்டீயரிங் பிடிக்கிற மாதிரி தொடைமேல் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு ஊருக்கும் ஒரு திருப்பு திருப்புவார். நாலு வரி அன்றைக்கே பாடமாகிவிட்டது. மற்ற இரண்டு வரிக்கு மறுநாள் வருகிறேன் என்றார். போகிற சந்தோஷத்தில் போனில் ஒரு வீடியோவைக் காட்டினார்.

"எங்க ரோடு எப்படின்னு பாரு!"

வேனுக்குள் எடுத்த வீடியோ. கேம்ப்பிலிருந்து கட்டட வேலைக்கு ஆட்களைக் கொண்டுபோகிற வேன். பின்னால் பன்னிரண்டு பேர், முக்கால்வாசி நம் தெலுங்கானாக்காரர்கள், வாயைப் பிளந்து தூங்குகிறார்கள். ரோடு நன்றாகத்தான் இருந்தது. ஆனால் எனக்குக் கேட்டது வேறு. முன்சீட்டிலிருந்து ஒரு ஆண் குரல், விடாமல், ஒரே சுருதியில், தெலுங்கில்.

"அன்னா, ரெட் படிந்தி... அன்னா, இப்ப கிரீன்... லெஃப்ட்ல பஸ்... மெதுவா, மெதுவா... அன்னா, மனிஷி! மனிஷி!"

சிவப்பு விழுந்தது, பச்சை வந்தது என்று சொல்லிக்கொண்டே வந்தவன், மனுஷன், மனுஷன் என்று கத்துகிறான். பிரேக். பின்னால் தூங்குகிறவர்கள் முன்னால் விழுந்து எழுந்திருக்கிறார்கள். இவர் சிரிக்கிற சத்தம்.

"யாருண்ணா அது சொல்லிக்கிட்டே வர்றது?"

"அதுவா? நம்ம பசங்கதான். பேச்சுத் துணைக்கு" என்றார். அந்த வீடியோவில் என்ன பதிவாகியிருக்கிறது என்றே அவருக்குத் தெரியவில்லை.

துடைப்பத்தோடு நின்ற பாலமணியின் முகம் மலர்ந்தது. "அது எங்க வீட்டுக்காரர் குரல், மேடம்!" என்றாள் தெலுங்கில். அவள் புருஷனுக்கு அந்த வேலையும் விசாவும் வாங்கிக் கொடுத்ததே இவர்தான். இவர் போன பிறகு மிச்சத்தையும் அவளே சொன்னாள், பெருமையாக. அன்னாவுக்குக் கண் கொஞ்சம் மங்கலாம். அதனால் பசங்களே முறை வைத்துக்கொண்டார்களாம், முன்சீட்டில் உட்கார்ந்து வழி சொல்ல. ஆனால் எல்லாரையும்விட இவள் புருஷன்தான் நன்றாகச் சொல்கிறானாம், அதனால் தினமும் அவனுக்கே முன்சீட்டு.

"தினமுமா? வேலை முடிஞ்சு திரும்பும்போதும்?"

"ஹவ், மேடம், ஆமா. அவர் தூங்கக் கூடாது. பன்னெண்டு மணி நேரம் கம்பி கட்டிட்டு வருவாரு, கண்ணு சொருகுமாம். கையைக் கிள்ளிக்கிட்டு உக்காந்திருப்பாராம். ஒரு தடவை தூங்கிட்டாரு, வண்டி தடுப்புல ஏறிடுச்சு. யாருக்கும் ஒண்ணும் ஆகல. அதுக்கப்புறம் மிளகாய் வெச்சுக்கிறாரு, மென்னுக்கிட்டே வருவாரு."

"யார்கிட்டயாவது சொல்லக் கூடாதா?"

"விசா குடுத்த அன்னா, மேடம். எப்படி சொல்றது?"

நானும் அதே கடனில் உட்கார்ந்திருக்கிறவள்தானே. அந்த ஆள் ஊரெல்லாம் உபகாரம் செய்து வைத்திருந்தார், ஒவ்வொருத்தர் வாயையும் அதைக் கொண்டே அடைத்து வைத்திருந்தார். அவர் அப்படி நினைத்துச் செய்தார் என்று சொல்ல மாட்டேன். ஆனால் நடந்தது அதுதான்.

அன்றைக்கு எனக்கு வந்த அருவருப்பு இன்னும் போகவில்லை. எச்சில் துப்பினது எல்லாம் ஒன்றுமே இல்லை இதற்கு முன்னால். நாள் பூராவும் வெயிலில் கம்பி கட்டினவன், தன் தூக்கத்தைக் கிள்ளிக் கிள்ளித் துரத்தி, இந்த மனுஷனுக்குக் கண்ணாக உட்கார்ந்து வருகிறான். இவர் அதற்குப் பேச்சுத் துணை என்று பெயர் வைத்திருக்கிறார்! அங்கே ரூல் போட்டவன் முட்டாள் இல்லை. இந்த மாதிரி ஆளுக்காகத்தான் போட்டிருக்கிறான். நானோ அதில் ஓட்டை போட மீதி இரண்டு வரியையும் சொல்லித் தர வேண்டும்.

மறுநாள் வந்தார். நாற்காலியில் உட்கார்ந்து ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டார். "சொல்லும்மா, அஞ்சாவது வரி."

படத்தைப் பெரிசாக்கிப் பார்த்தேன். பி, என், எச், ஓ, சி என்று இருந்தது.

"கே" என்றேன்.

"கே. கொண்டாப்பூர்."

"எல்."

"லோத்குண்டா."

"பி... ஈ... என்."

ஆறாவது வரியையும் அப்படியே என் வாய்க்கு வந்தபடி சொன்னேன். ஓ, எச், இஸட், சி, கே, எல். ஓல்ட் சிட்டி, ஹிமாயத் நகர், ஜஹீராபாத், சிக்கட்பள்ளி, கொண்டாப்பூர், லோத்குண்டா. அவர் ஒவ்வொன்றாகத் திருப்பி ஓட்டிக்கொண்டே வந்து, கடைசி ஸ்டாப்பில் கையைத் தட்டிச் சிரித்தார். "எங்கெங்கயோ சுத்திட்டு கடைசில வீட்டுக்கே வந்து சேருது பாரும்மா!"

முடியாது அண்ணா என்று நேருக்கு நேர் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. அவர் எப்படியோ அதே வழியில்தான் நானும் செய்தேன், யாரும் பார்க்காத இடத்தில், கள்ளத்தனமாக. அந்தக் கம்பெனிக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கலாம். அண்ணியிடம் சொல்லியிருக்கலாம். செய்யவில்லை. மூத்த மனுஷனை உட்கார வைத்துப் பொய்ப்பாடம் நடத்தினேன். இத்தனைக்கும் கிளம்பும்போது அவர் என் தலையில் கை வைத்து, "நல்லா இரும்மா" என்றார்.

அங்கே போனதும் தினம் வாட்ஸ்அப்பில் குரல் அனுப்புவார். ஹலோ கிடையாது, நலம் கிடையாது. நேரே எர்ரகட்டாவில் ஆரம்பித்து லோத்குண்டாவில் முடிப்பார். "சரியா, தங்கச்சி?" நான் கட்டைவிரல் படத்தைத் தட்டி அனுப்புவேன். அந்தக் கட்டைவிரலை நினைத்தால் இப்போதும் என்மேல் எனக்கே வெறுப்பு.

பரிசோதனை நடந்த அன்றைக்கு ஒரு குரலும் வரவில்லை. மூன்றாம் வாரம் ஆளே வந்துவிட்டார், இரண்டு பெட்டியோடும், கயிறு கட்டின ஒரு அட்டைப்பெட்டியோடும்.

அவர் சொன்ன கதையில் எல்லாரும் அயோக்கியர்கள், அவரைத் தவிர. "சார்ட்டை மாத்திட்டாங்கம்மா, திருட்டுப் பசங்க! நாலு வரி கடகடன்னு சொன்னேன். அஞ்சாவது வரியில அங்க கண்ணு பாக்கற பொண்ணு சிரிச்சுடுச்சு. திரும்பக் குச்சியை வெச்சு, இந்த எழுத்து என்ன, அந்த எழுத்து என்னன்னு பின்னாலேர்ந்து கேட்டா. அப்படிக் கேக்கலாம்னு எந்த ரூல்ல இருக்கு, சொல்லு?" என் பக்கம் ஒரு சந்தேகப் பார்வை கிடையாது. அதுதான் என்னை அதிகமாகக் குத்தியது.

அண்ணி ஒருநாள் கண்ணாடிக் காம்பு இறுக்க வந்தபோது சொன்னார், "வந்துட்டாருன்னு சந்தோஷப்படறதா அழறதான்னு தெரியலம்மா. டம்ளர் எங்க இருக்குன்னு நான்தான் சொல்றேன். சொன்னா கோபம் வருது. சொல்லலைன்னா உருட்டித் தள்றார்." பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகச் சொன்னேன். வர மாட்டேன் என்கிறாராம்.

பாலமணியிடம் மட்டும் ஒருநாள் கேட்டுவிட்டேன். புது டிரைவர் எப்படி, வேன் எப்படி என்று. ஃபிரேம்களைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "அவன் யாரோ வேற ஊர்க்காரன், மேடம். ஒருத்தர்கிட்டயும் பேச மாட்டானாம். எங்க வீட்டுக்காரர் இப்ப கடைசி சீட்டு. ஏறினதும் தூங்கிடறாராம், கேம்ப் வந்து எழுப்பினாத்தான் முழிப்பாராம்." அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கியது, உண்மையைச் சொன்னால்.

அதோடு முடிந்தது என்று நினைத்தேன். எங்கே முடிகிறது? போன மாசம் ஒரு காலையில், கடை திறந்த சூட்டோடு அவர் படியேறி வந்தார், குளித்து, விபூதி வைத்து, வெள்ளைச் சட்டையில். பாலமணி சுத்தம் செய்துகொண்டிருந்தாள். அவர் நேரே போய்த் தடவிப் பார்த்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

"தங்கச்சி, ஸ்கூல் வேன் ஒண்ணு அமைஞ்சிருக்கு. பக்கத்துலதான், சின்னப் பசங்க. இங்க லைசென்ஸ் புதுப்பிக்கணும். வயசானவங்களுக்கு டாக்டர் சர்டிஃபிகேட் வேணுமாம். அடுத்த தெரு டாக்டர் தலையையே தூக்க மாட்டார், நீட்டினா கையெழுத்துதான். கண்ணு நல்லா இருக்குன்னு நீ ஒரு துண்டுச்சீட்டு மட்டும் குடு. இங்க யாரும்மா பாக்கறா?"

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. பன்னிரண்டு பேர் போதவில்லை, இப்போது எல்.கே.ஜி. பிள்ளைகள்! அந்த முன்சீட்டில் எந்தக் குழந்தையை உட்கார வைப்பார், அன்னா ரெட் படிந்தி என்று சொல்ல?

நான் வாய் திறப்பதற்குள் அவர் எதிர்ச் சுவரைப் பார்த்து நிமிர்ந்து உட்கார்ந்து, கைகளைத் தொடைமேல் வைத்துக்கொண்டார். "இரு, படிச்சே காட்டறேன். நீயும் சும்மா எழுதிக் குடுத்தேன்னு இருக்கக் கூடாது. ரூல்ஸ்னா ரூல்ஸ்."

ஆரம்பித்துவிட்டார்.

"ஈ. என், எல். எச், பி, ஓ..."

நான் சுவரைப் பார்த்தேன். சுவரில் விளக்குப் பெட்டி எரிந்துகொண்டிருந்தது. உள்ளே எழுத்துத் தகடு இல்லை. வெறும் வெள்ளை. தகடு துடைப்பதற்காக வெளியே எடுக்கப்பட்டு, பெட்டிக்குப் பக்கத்தில் நின்ற பாலமணியின் கையில் இருந்தது. அதில் இருக்கிற எழுத்துகளும் இவர் சொல்கிறவை இல்லை. அது என் சார்ட். அவள் ஈரத் துணியோடு அப்படியே நின்றுவிட்டாள்.

அவர் தயங்கவே இல்லை. கைகள் மெதுவாகத் திரும்பின. ஐந்தாவது வரி வந்தது. கே, எல், பி, ஈ, என். ஆறாவது வரி. ஓ, எச், இஸட், சி, கே... "எல்!" என்று முடித்து, வீடு வந்து சேர்ந்த முகத்தோடு என் பக்கம் திரும்பினார்.

"அண்ணா, பெட்டியில சார்ட்டே இல்ல. அதை எடுத்து பாலமணி துடைச்சிக்கிட்டு இருக்கா."

முகம் ஒரு விநாடி ஆடியது. பிறகு சொன்னார் பாருங்கள், "இல்லாட்டி என்னம்மா? எழுத்து சரிதானே?"

அந்த இடத்தில் எனக்கு விட்டுப்போயிற்று, கடனும் மண்ணும். "சரியில்லண்ணா. கடைசி ரெண்டு வரியும் தப்பு. யாரும் சார்ட்டை மாத்தல. நான்தான் தப்பா சொல்லிக் குடுத்தேன். தெரிஞ்சேதான் சொன்னேன். துண்டுச்சீட்டும் தர மாட்டேன். அந்த டாக்டர்கிட்டயும் அந்த ஸ்கூல்லயும் நானே போய்ச் சொல்லப் போறேன்."

அவர் என் முகம் இருக்கிற திசையைத் தேடித் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை.

"ஏமாத்தினியா? என்னையா?" என்றார். "நீயே இப்படி ரூல் மீறினா எப்படிம்மா?"

சிரிப்பதா, செருப்பால் என்னையே அடித்துக்கொள்வதா? அவர் கேட்டதில் தப்பு இல்லை, அதுதான் கொடுமை. "உங்க முன்சீட்டுல மிளகாயை மென்னுக்கிட்டு உக்காந்திருந்தானே, அவன் பொண்டாட்டிண்ணா இவ" என்று மட்டும் சொன்னேன். மிளகாய் விஷயம் அவருக்கு அதுவரை தெரியாது என்றே நினைக்கிறேன்.

எழுந்தார். நாற்காலிக் கையைப் பிடித்து, கண்ணாடி அலமாரி ஓரமாகத் தடவிக்கொண்டே வாசலுக்குப் போனார். வாயில் ஊறினதைத் துப்ப வழக்கம்போலப் பக்கவாட்டில் திரும்பினார். துப்பவில்லை, விழுங்கிக்கொண்டார். வெளியே வெயில். எங்கே தரை, எங்கே படி என்று தெரியாமல் ஒரு காலைத் தூக்கிக் காற்றில் வைத்துக்கொண்டு நின்றார். போய்ப் பிடித்திருக்க வேண்டியவள் நான். உட்கார்ந்த இடத்திலிருந்து எனக்கு எழுந்திருக்கவே வரவில்லை.

பாலமணி தகட்டை மேசைமேல் வைத்துவிட்டுப் போய் அவர் பக்கத்தில் நின்றாள். தொடவில்லை.

"அன்னா, மெட்டு உந்தி. பெரிய மெட்டு" என்று படியைச் சொன்னாள், அந்த வீடியோவில் கேட்ட அதே சுருதியில். "மெதுவா... இன்னும் கொஞ்சம் கீழ... இப்ப தரை."

அவர் அவள் சொன்னபடியே காலை வைத்து இறங்கினார்.